எஞ்சின் இல்லாமல் ஒரு ரயில் மியூசியம்

பங்காருப்பேட்டையில் பிறந்து, இப்போது பெங்களூர் கே.ஆர்.புரத்தில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டை விற்கப்போவதால் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கைவிளக்கு, தோல் பை தொங்கும் பிரம்பு வளையம், பழைய அட்டை டிக்கெட்டுகள், நோட்டுகள், ஒரு குரூப் போட்டோ, அப்புறம் ஈயப் பட்டை வைத்த தட்டையான தகர வில்லைகள் சில. ஊர் நண்பர்கள் சேர்ந்து பங்காருப்பேட்டையிலோ கோலார் தங்கவயலிலோ சின்னதாக ஒரு ரயில் மியூசியம் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எஞ்சின் ஒன்றுகூட இல்லாமல் அதை மியூசியம் என்று சொல்ல முடியுமா, சாமான்களை எல்லாம் பளபளவென்று துலக்கி வைத்துவிடட்டுமா என்பது கேள்வி.

அம்மா, மற்றதெல்லாம் இருக்கட்டும். முதலில் அந்தத் தகர வில்லைகளைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அவை டெட்டனேட்டர்களாகத்தான் இருக்க வேண்டும். பனிமூட்டத்திலும், நடுவழியில் வண்டி நின்றுபோனால் பின்னால் வரும் வண்டியை எச்சரிக்கவும் தண்டவாளத்தின் மேல் கட்டி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். ரயில் கார்டு கொண்டுபோகும் பெட்டியில் பத்து இருக்கும். உள்ளே இருப்பது நிஜமான வெடிமருந்து. அதன் ஆயுள் சில வருஷம்தான். பழசானது செத்துப்போயிருக்கும் என்று நம்பக் கூடாது. பெட்டியை ஆட்டாமல், வெயிலும் சூடும் படாமல் அப்படியே விட்டுவிட்டு, ரயில்வே பாதுகாப்புப் படைக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ போன் செய்யுங்கள். நீங்களே ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மியூசியத்துக்கு அதன் போட்டோ போதும்.

சரி, இப்போது எஞ்சினுக்கு வருவோம்.

எஞ்சின் வைக்கும் மியூசியங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. டெல்லி சாணக்கியபுரியில் 1977-இல் திறந்த தேசிய ரயில் மியூசியம். நமக்குப் பக்கத்தில் மைசூரில் 1979-இல் வந்தது, மகாராணியின் சலூன் பெட்டி நிற்கும் அதே இடம். சென்னை பெரம்பூரில் ஒன்று, திருச்சியில் ஒன்று, 2020-இல் ஹூப்ளியில் ஒன்று. டெல்லியை அடுத்த ரேவாரி சின்ன ஊர்தான். அங்கே 1893-இல் கட்டிய ஷெட்டையே நீராவி எஞ்சின்களுக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அந்த ஊருக்கு அது பொருத்தம். ஆனால் ஒரு எஞ்சினை வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்காமல் வைத்திருக்கக் கூரை வேண்டும், பெயிண்ட் வேண்டும், வருஷாவருஷம் பணம் வேண்டும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நடத்தும் இடம் அந்தச் சுமையை எடுத்தால் மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும். பார்க்க வருபவர்களும் எஞ்சின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பெரிய மியூசியம் செய்ய முடியாத வேலை ஒன்று சின்ன ஊரில் இருக்கிறது. இந்த விளக்கைப் பிடித்தது யார், எந்த சிக்னல் கேபினில், எந்த வருஷம், அவர் வீடு எந்தத் தெருவில் என்று சொல்ல டெல்லியில் ஆள் கிடையாது. உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். என் யோசனை இதுதான்: பொருளைச் சேர்ப்பதற்கு முன் அந்தத் தகவலைச் சேருங்கள். தகவல் இல்லாத கைவிளக்கை சிவாஜிநகர் பழைய சாமான் கடையிலும் வாங்கலாம்.

உங்கள் ஊருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864-இல். மைசூர்ப் பாதை 1882-இல்தான் முடிந்தது, அதுவும் மீட்டர் கேஜில். அதாவது மைசூரை ரயிலில் எட்டுவதற்கு ஏறக்குறைய 18 வருஷம் முன்னாலேயே பெங்களூரை மெட்ராஸுடன் சேர்த்த பாதை உங்கள் ஊர் வழியாகப் போய்விட்டது. மைசூர் சமஸ்தானத்தின் சீஃப் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங் பெயரில் அது பௌரிங்பேட்டை ஆனது, பின்னால் பங்காருப்பேட்டை. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்தபின், 1894-இல் அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு ஒரு கிளைப் பாதை வந்தது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று சுமார் 16 கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து ஸ்டேஷன்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வழியாகத்தான் இறங்கினார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபின் அதே பாதைதான் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தினமும் விடிகாலையில் பெங்களூர் வேலைக்குக் கொண்டுவருகிறது. தங்கம் போனாலும் ரயில் நிற்காத ஊர் அது. அந்தக் காலை வண்டியின் சீசன் டிக்கெட்டும் உங்கள் அலமாரியில் இருக்க வேண்டிய பொருள். யாரும் அதைப் பத்திரப்படுத்துவதில்லை, மாதம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் நேரோ கேஜ். இரண்டரை அடி அகலத் தண்டவாளம். பௌரிங்பேட்டையிலிருந்து கோலாருக்கு 1913-இல் வந்தது. எலஹங்காவிலிருந்து சிக்பள்ளாப்பூர் வரை 1915-இல். அப்புறம் ஸ்ரீநிவாசபுரம், சிந்தாமணி, சிட்லகட்டா வழியாக இரண்டையும் இணைத்தார்கள். அகலப் பாதையும் குறுகிய பாதையும் சந்திக்கும் ஊரில், ஒரு வண்டியிலிருந்து சரக்கை இறக்கி இன்னொன்றில் ஏற்றியாக வேண்டும். பங்காருப்பேட்டையில் அந்த மூட்டைகளைச் சுமந்தவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், மூட்டைக்கு என்ன கூலி, என்னென்ன சரக்கு? உங்கள் அப்பாவின் நோட்டுகளில் ஏதாவது சரக்குக் கணக்கு இருந்தால், அந்த ஒரு நோட்டு நூறு கைவிளக்குக்குச் சமம்.

அந்த வில்லைகளை அவர்கள் எடுத்துக்கொண்டு போனபின் பெட்டியைப் பிரிப்போம். அட்டை டிக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்கால் சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர், கெட்டி அட்டை. எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்துக்காரர் 1830-களின் கடைசியில் கொண்டுவந்த முறை. தேதி மங்கிப்போயிருந்தாலும் காலத்தைக் கண்டுபிடிக்கலாம். எம்.எஸ்.எம் என்று இருந்தால் மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டாவும் இணைந்த 1908-க்கும், அது தெற்கு ரயில்வே ஆன 1951-க்கும் இடைப்பட்டது. கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. மூன்றாம் வகுப்பு என்று அச்சடித்திருந்தால் 1974-ஐத் தாண்டாது, அந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள். பழைய அட்டையைத் தீரும்வரை ஓட்டுவதும் உண்டு, அதனால் சில மாதம் முன்பின் இருக்கலாம். தூரம் மைலிலா கிலோமீட்டரிலா, ஊர்ப் பெயர் பௌரிங்பேட்டையா பங்காருப்பேட்டையா, இவையும் துப்புதான். இதே எழுத்துகள் விளக்கின் அடியிலும் மணியின் விளிம்பிலும் பொறித்திருக்கும். அதனால்தான் துலக்க வேண்டாம் என்கிறேன். புளியும் பித்தளைப் பாலிஷும் ஒவ்வொரு தடவையும் மேல் தோலைக் கொஞ்சம் தின்றுவிடும், எழுத்து மழுங்கும். விளக்குக் கூண்டுக்குள் ஒட்டியிருக்கும் மண்ணெண்ணெய்க் கரியும் அது வேலை செய்த விளக்கு என்பதற்குச் சாட்சி. உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.

அந்தப் பிரம்பு வளையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துப் பலர் கூடை பின்னும் சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளம்தான் இருக்கிறது, இரண்டு பக்கமிருந்தும் வண்டி வரும். மோதாமல் இருக்க அந்தக் காலத்தில் நீல் பால் டோக்கன் என்று ஒரு கருவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொன்று, நடுவே மின்கம்பி. உள்ளே உலோக உருண்டைகள். இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்க, அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் ஒரு உருண்டை வெளியே விழும். அது விழுந்தபின், அதே உருண்டை இரண்டில் ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை வேறொன்று எந்தப் பக்கமும் வராது. அந்த உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. தோல் பையில் உருண்டையைப் போட்டு, வளையத்தோடு, தண்டவாளத்தில் வழி மாற்றிவிடும் பாய்ண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் கை நீட்டி நிற்பார். நிற்காமல் போகும் வண்டியிலிருந்து, எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன் வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வார், பழையதை வீசுவார். ராத்திரி, மழை, வேகம் எல்லாம் சேர்ந்தால் முழங்கையில் கன்றிப்போகும். பழைய ஃபயர்மேன்களிடம் கேளுங்கள், கையைக் காட்டிச் சொல்வார்கள். உங்கள் பையில் உருண்டை இல்லை என்கிறீர்கள். நல்லது, இருக்கவும் கூடாது. ஒன்று காணாமல் போனாலே இரண்டு கருவியும் முடங்கி, சிக்னல் ஆட்கள் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிராக 1966-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஏலத்தில் கழித்த சாமான் என்றால் அதற்குக் காகிதம் இருக்கும். நண்பர்கள் ஆர்வத்தில் கைவிடப்பட்ட ஸ்டேஷனிலிருந்து பெயர்ப்பலகையையோ லீவரையோ கழற்றிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வேண்டுமென்றால் டிவிஷன் அலுவலகத்துக்கு எழுதி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் இது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்ற வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

குரூப் போட்டோதான் பெட்டியிலேயே அவசரமான பொருள். ரிட்டயர்மென்ட் அன்று எடுத்ததாக இருக்கும்: நடுவில் மாலையோடு ஒருவர், பக்கத்தில் நாற்காலி வரிசை, பின்னால் நிற்பவர்கள், கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பாய்ண்ட்ஸ்மேன், கலாசி, போர்ட்டர். நாற்காலிக்காரர்களின் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கும், தரையில் உட்கார்ந்தவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் மியூசியத்தின் முதல் வேலை. போட்டோவை ஸ்கேன் செய்து, பெரிதாக அச்செடுத்து, அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து நம்பர் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு ரயில்வே காலனிப் பெரியவர்களிடம் போங்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவரிடம் சொல்லாமல் தனித்தனியாகக் கேட்டுக் குறியுங்கள். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போனால் உறுதி, ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். அசல் படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய பென்சில், அழுத்தாமல், ஓரத்தில். லேமினேஷன் கூடவே கூடாது, ஒட்டினால் எடுக்க முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான்.

பெரியவர்களிடம் உட்காரும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நைட் ட்யூட்டிக்கு கேரியரில் என்ன கொண்டுபோனீர்கள்? கால்பாய் எத்தனை மணிக்கு வந்து கதவைத் தட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவான்? வண்டியில் ட்யூட்டிக்குப் போகும்போது எடுத்துப்போகும் லைன் பாக்ஸில் என்னென்ன இருக்கும்? ரயில்வே கொடுத்த இலவசப் பாஸில் முதன்முதலாக எந்த ஊருக்குப் போனீர்கள்? அவர்கள் மனைவிகளிடம் தனியாகக் கேளுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்ததும் குடும்பத்தைக் கட்டி எடுத்துப்போனதும், ஆளில்லாத ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் தண்ணீருக்கு வழி பார்த்ததும், பிரசவத்துக்கு எந்த வண்டியைப் பிடித்தார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். எந்த ரயில்வே ஃபைலிலும் அது கிடையாது. போனிலேயே பதிவு செய்யலாம். ஃபேனை அணைத்துவிட்டு, ஆரம்பத்தில் பெயர், ஊர், தேதி, பதிவு செய்யச் சம்மதம் இவற்றைச் சொல்லவைத்துத் தொடங்குங்கள்.

இனிமையான நினைவுகளை மட்டும் பொறுக்கிவிடாதீர்கள். மே 1974-இல் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாள் நீடித்தது. நாடு முழுக்க லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். ரயில்வே ஊர்களில் அதைப் பற்றி இன்னும் குரலைத் தாழ்த்திப் பேசும் வீடுகள் இருக்கின்றன. அன்றைய துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தால், அதற்கு அலமாரியில் விளக்குக்குப் பக்கத்திலேயே இடம் கொடுங்கள். யாருக்கு எந்த வேலை கிடைத்தது, யாருக்கு எந்த வரிசையில் வீடு, ஆங்கிலோ இந்தியர் யார், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்பதும் அந்த ஊரின் வரலாறுதான். விபத்து ரிஜிஸ்டர், தண்டனைக் கடிதம் போன்றவற்றில் உயிரோடு இருப்பவர்கள் பெயர் இருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், காட்சிக்கு வைக்க வேண்டாம்.

நடத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டி அட்டை போட்ட பெரிய ரிஜிஸ்டர் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வருஷமும் வரிசை எண்ணும் சேர்ந்த ஒரு நம்பர். பித்தளையில் பொறிக்காமல் பருத்தி நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். கம்ப்யூட்டரிலும் ஏற்றுங்கள், ஆனால் ரிஜிஸ்டரை விட்டுவிடாதீர்கள். கொடுப்பவரிடம் ஒரு பக்கக் கடிதம்: இதை முழுமையாகக் கொடுக்கிறேன், திரும்பக் கேட்க மாட்டேன், மியூசியம் மூடினால் இன்ன இடத்துக்குப் போகட்டும். "சும்மா வெச்சிருங்க, வேணும்னா வாங்கிக்கறேன்" என்று வருவதை வாங்காதீர்கள். பேரன் காலத்தில் சண்டை வரும். ஒரே மாதிரி விளக்கு வரிசையாக வந்தால், கதை இல்லாததை நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள். காகிதங்களைத் தரையிலிருந்து உயரத்தில், தண்ணீர் டேங்குக்கும் பாத்ரூமுக்கும் கீழே வராத அறையில், வெளிச்சம் படாமல் வையுங்கள். நாப்தலீன் உருண்டை காகிதத்தைத் தொடக் கூடாது. பூச்சி அரித்த நோட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி வையுங்கள். விளக்க அட்டை கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தெலுங்கு பேசும் வீடுகளும் அங்கே நிறைய, முடிந்தால் அதையும் சேருங்கள்.

விதான சௌதாவில் இருக்கும் கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்தில் மைசூர் சமஸ்தானக் காலத்து ரயில் ஃபைல்களைத் தேடலாம். மெட்ராஸ் பக்கத்து விஷயங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நீங்கள் பெங்களூரிலேயே இருப்பதால் முதல் இடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், ஊரில் இருக்கும் நண்பர்கள் ஆட்களைப் பார்க்கட்டும். கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நாலு மேஜை போட்டு, அந்தக் குரூப் போட்டோவைப் பெரிதாக மாட்டி, டிரேசிங் பேப்பரும் பென்சிலும் வைத்து உட்காருங்கள். ரயில்வே காலனியில் இரண்டு பேருக்குச் சொன்னால் போதும், மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் சொல்லும்போதே, தகர வில்லை இருக்கும் பெட்டியை அசைக்காமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போலீஸுக்குப் போன் செய்யும்படி சொல்லிவிடுங்கள்.